வல்லாள மகாராஜாவைக் காப்பாற்ற முடியுமா?

காலத்தில் பின்னோக்கிப் போனால் என்ன நடக்கும்?

தைப்பூசத் திருநாள். திருவண்ணாமலை ஈசானிய குளத்தங்கரையில் ஜனங்கள் கூடி நிற்கிறார்கள். அருணாசலேசுவரர் மேளதாளத்துடன் எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுகிறார். எங்கும் கோலாகலம்.

திடீர் என்று ஒரு செய்தி வருகிறது.

"வல்லாள மகாராஜா போரில் மாண்டு விட்டார்!"

அவ்வளவுதான். மேளம் நிற்கிறது. நாதசுரம் ஓய்கிறது. வரும்போது வாத்தியங்களோடு வந்த சுவாமி, போகும்போது சத்தமே இல்லாமல் கோவிலுக்குத் திரும்புகிறார். மறு மாதம் மாசி மகத்தன்று, பள்ளிகொண்டாப்பட்டு கிராமத்தில், கவுதம நதிக்கரையில் மகாராஜாவுக்குத் திதி கொடுக்கப்படுகிறது. கொடுப்பவர் யார்? சாட்சாத் அண்ணாமலையாரே!

வல்லாளன் இறந்தது 1342-ம் ஆண்டில். ஆறரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் திருவண்ணாமலையில் அந்தச் செய்தி ஆண்டுதோறும் புதிதாக வந்து சேருகிறது.

பிள்ளை இல்லாத ராஜாவுக்கு இறைவனே பிள்ளையாகி, குழந்தை வடிவில் வந்து மறைந்தார் என்பது தல புராணம். பிள்ளையானவர் தகப்பனுக்குச் செய்யும் கடன் இது. (சரித்திரத்தைப் புரட்டினால் ராஜாவுக்கு விரூபாட்சன் என்று ஒரு மகன் இருந்ததாகத் தெரிகிறது. அவனைப் பற்றிப் பின்னால் வரும்.)

குளக்கரையில் நிற்கும் சிறு பிள்ளைகள் பாட்டியிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாமிக்கு முன்னாடியே தெரியாதா, பாட்டி? போய்க் காப்பாற்றி இருக்கலாமே?"

பாட்டிமார்கள் பதில் சொல்லத் திணறும் கேள்வி. விஞ்ஞானிகளும் அப்படித்தான் திணறுகிறார்கள்!

அரண்மனையை இழந்த அரசன்

யார் இந்த வல்லாளன்?

போசள வம்சத்து மூன்றாம் வல்லாளன். கர்நாடகத்தில் இன்று ஹளேபீடு என்று அழைக்கப்படும் துவாரசமுத்திரம்தான் அவனுடைய தலைநகரம். கல்லிலே கவிதை செதுக்கிய ஊர் அது.

1311-ம் ஆண்டில் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் அங்கே பாய்ந்து வந்தான். அந்த நேரத்தில் வல்லாளன் ஊரில் இல்லை. தெற்கே பாண்டிய சகோதரர்கள் இரண்டு பேர் சிம்மாசனத்துக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் லாபம் பார்க்கப் போயிருந்தான். ஓடோடி வந்தும் பயன் இல்லை. பணிந்தான். பொன்னும் யானையும் கொடுத்தான். அதோடு விட்டதா? தமிழ்நாட்டுக்குள் படையெடுத்துச் செல்ல மாலிக் காபூருக்கு வழிகாட்டும் வேலையும் அவன் தலையில் விழுந்தது.

1327-ம் ஆண்டையொட்டி, முகமது பின் துக்ளக் காலத்தில், துவாரசமுத்திரம் மறுபடியும் பாழானது. வல்லாளன் தெற்கே நகர்ந்தான். மலையைத் துணையாகக் கொண்டு திருவண்ணாமலையில் இருந்து அரசாண்டான். அவன் பெயர் சொல்லும் வல்லாள கோபுரம் இன்றும் கோவிலில் இருக்கிறது.

இதற்கிடையே மதுரையில் இருந்த டெல்லியின் பிரதிநிதி, 1335-ம் ஆண்டையொட்டி "நானே சுல்தான்" என்று கொடி தூக்கினான். திருவண்ணாமலைக்கும் மதுரைக்கும் மோதல் முற்றியது.

14 நாள் தவணை

போர்க்களம் கண்ணனூர். திருச்சிக்கு வடக்கே, சமயபுரத்தை ஒட்டிய ஊர். ஒரு காலத்தில் போசளர்களே கோவில் கட்டி வாழ்ந்த இடம். அங்கே மதுரைச் சுல்தானின் சிறு படை ஒன்று கோட்டைக்குள் இருந்தது. கிழ ராஜா அதை முற்றுகையிட்டான். அப்போது அவனுக்கு வயது 80!

இதையெல்லாம் எழுதி வைத்தவர் வல்லாளனுக்கு வேண்டியவர் அல்ல. எதிர்ப்பக்கத்துச் சொந்தக்காரர்! உலகம் சுற்றிய மொராக்கோ யாத்திரிகர் இபின் பதூதா. அவருடைய மனைவியின் சகோதரிதான் மதுரைச் சுல்தான் கியாசுதீனின் பேகம். அப்படிப்பட்டவர் நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வல்லாளன் படை ஒரு லட்சம் பேர் என்கிறார். அதில் சேராமல் 20 ஆயிரம் முஸ்லிம் வீரர்களும் அவன் பக்கம் இருந்தார்களாம். சுல்தானிடம் இருந்ததோ 6 ஆயிரம் பேர்தான்.

மாதங்கள் ஓடின. கோட்டைக்குள் தானியம் குறைந்தது. இன்னும் 14 நாளைக்குத்தான் சாப்பாடு என்ற நிலை வந்தது.

"கோட்டையை விட்டு விடுங்கள். உயிரோடு போகலாம்" என்று வல்லாளன் சொல்லி அனுப்பினான்.

"சுல்தானுக்கு எழுதிக் கேட்க வேண்டும்" என்று பதில் வந்தது.

ராஜா என்ன செய்திருக்க வேண்டும்? "முடியாது" என்று சொல்லி, 14 நாள் காத்திருந்தால் கோட்டை தானாக விழுந்திருக்கும். ஆனால் அவன் சம்மதித்தான். 14 நாள் தவணை கொடுத்தான்.

கடிதம் மதுரைக்குப் போனது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கூடியவர்கள் முன்னால் அது படிக்கப்பட்டது. கேட்டவர்கள் அழுதார்கள். "நாங்கள் வருகிறோம்" என்று எழுந்தார்கள். தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரைகளின் கழுத்தில் கட்டினார்கள். சாகத் துணிந்தவர்கள் செய்கிற காரியம் அது.

நண்பகல். முகாமில் எல்லாரும் கண் அயரும் நேரம். வல்லாளன் படையினரின் குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. அப்போது பாய்ந்தது மதுரைப் படை.

"யாரோ திருடர்கள்!" என்று நினைத்தார்கள் காவலர்கள். ஒழுங்கில்லாமல் ஓடி வந்தார்கள். வந்தது யார் என்று புரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

80 வயது மனிதன் குதிரை ஏற முயன்றான். முடியவில்லை. சுல்தானின் சகோதரன் மகன் நாசிருதீன் அவனைப் பிடித்தான். யார் என்று தெரியாமல் வெட்ட ஓங்கினான். "இவர்தான் ராஜா!" என்று அவனுடைய அடிமை கூவினான். அதனால் அப்போதைக்கு உயிர் பிழைத்தது.

சுல்தான் முதலில் மரியாதை காட்டினான். விடுதலை செய்வதாக ஆசை காட்டினான். பொன், யானை, குதிரை எல்லாம் கைக்கு வந்தபின் கொன்றான். தோலில் வைக்கோலைத் திணித்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்க விட்டான். "அங்கே தொங்கியதை நான் பார்த்தேன்" என்கிறார் இபின் பதூதா.

ஒரே ஒரு ஓலை!

இப்போது அந்தக் குழந்தையின் கேள்விக்கு வருவோம்.

காலத்தில் பின்னோக்கிப் போகும் யந்திரம் ஒன்று கிடைத்ததாக வைத்துக் கொள்ளுங்கள். 1895-ல் எச்.ஜி.வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் நாவலில் ஓட்டிய யந்திரம். 2015-ல் வெளிவந்த "இன்று நேற்று நாளை" தமிழ்ப் படத்திலும் அது வந்தது. அதில் ஏறித் திருவண்ணாமலைக்காரர் ஒருவர் 1342-க்குப் போகிறார். ராஜாவின் கூடாரத்தில் ஒரே ஒரு ஓலையை நீட்டுகிறார். "தவணை கொடுக்காதே. கொடுத்தால் நண்பகலில் தூங்காதே!"

ராஜா கேட்டுக் கொள்கிறான். கண்ணனூர் விழுகிறது. பிறகு மதுரையும் விழுகிறது. கிழ ராஜா வெற்றியோடு அண்ணாமலைக்குத் திரும்புகிறான். கேட்கவே இனிக்கிறது அல்லவா?

ஆனால் கதை அங்கே நிற்காது.

நடந்த சரித்திரத்தில், வல்லாளனுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த மகன் விரூபாட்சன் நாலைந்து ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1346-க்குள் போசள ராஜ்யம் மறைந்தது. அந்த நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டது, 1336-ல் அரிகரரும் புக்கரும் தோற்றுவித்த விஜயநகரம். புக்கரின் மகன் குமார கம்பணன் 1371-ம் ஆண்டையொட்டி மதுரையை வென்றான். அதே விஜயநகரத்தில்தான் பின்னால் கிருஷ்ண தேவராயர் தோன்றினார். திருவண்ணாமலையில் அவர் செய்த திருப்பணிகளைச் சொல்லும் கல்வெட்டு 1516-ம் ஆண்டைச் சேர்ந்தது. 11 நிலை ராஜகோபுரம், ஆயிரங்கால் மண்டபம், திருக்குளம் எல்லாம் அவர் தொடங்கியவை. தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் காலத்தில் கோபுரம் நிறைவு பெற்றது. உயரம் 217 அடி!

வல்லாளன் பிழைத்திருந்தால்? போசள ராஜ்யம் நிலைத்திருக்கலாம். அரிகரரும் புக்கரும் எங்கோ ஒரு மூலையில் சிற்றரசர்களாகவே காலம் தள்ளியிருக்கலாம். கம்பணன் இல்லை. கிருஷ்ண தேவராயர் இல்லை. இன்று பஸ்சில் வருகிறவர்கள் ஊருக்கு வெளியிலேயே கண்டு கன்னத்தில் போட்டுக் கொள்ளும் ராஜகோபுரம் இல்லை!

அருணகிரிநாதர் கதையும் மாறிப்போகும். பிரபுட தேவராயன் முன்னிலையில் கம்பத்தில் முருகன் காட்சி கொடுத்தான் என்பார்களே, அந்தத் தேவராயனும் விஜயநகரத்து அரசன்தான். அவன் பிறந்திருப்பானா என்பதே சந்தேகம்.

ஒரு கிழவரைக் காப்பாற்றப் போய், கோபுரத்தைப் பறிகொடுப்பதா? "போகட்டும், உயிர்தான் பெரிது" என்று சிலர் சொல்லலாம். அதுவும் நியாயம்தான். ஆனால் எத்தனை உயிர்? 1342-க்குப் பிறகு யார் யாரைக் கலியாணம் செய்துகொண்டார்கள், எந்த ஊரில் எந்தக் குழந்தை பிறந்தது என்பதெல்லாம் மாறிவிடும். இன்று இந்தப் பக்கத்தைப் படித்துக் கொண்டிருப்பவர்களில் ஒருவர்கூடப் பிறந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1952-ல் எழுதிய ஒரு கதையில், ஆதி காலத்துக்கு வேட்டையாடப் போனவன் ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்து விடுகிறான். திரும்பி வந்து பார்த்தால் நாடே மாறிக் கிடக்கிறது. பூச்சிக்கே அப்படி என்றால் ராஜாவுக்கு?

எந்தத் தவறைத் திருத்துவது?

இன்னொரு சங்கடம். 1342-ஐ மட்டும் திருத்தினால் போதுமா? 1311-ல் பாண்டியர் சண்டையில் மூக்கை நுழைக்கப் போகாமல் இருந்தால் துவாரசமுத்திரம் தப்பியிருக்கலாம். அதற்கும் முன்னால், பாண்டிய சகோதரர்கள் சமாதானமாக இருந்திருந்தால்? ஒரு முடிச்சை அவிழ்க்கப் போனால் அதற்குப் பின்னால் இன்னொரு முடிச்சு. யந்திரம் வைத்திருப்பவன் ஆதி மனிதன் வரைக்கும் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

தலைசுற்ற வைக்கும் புதிர்

எல்லாவற்றையும்விட விசித்திரமான சிக்கல் இனிமேல்தான்.

அந்தத் திருவண்ணாமலைக்காரர் ஏன் 1342-க்குப் போனார்? தைப்பூசத்தன்று குளக்கரையில் மரணச் செய்தியைக் கேட்டு மனம் உருகியதால் போனார். போய்க் காப்பாற்றிவிட்டார். கண்ணனூர்ச் சாவு நடக்கவில்லை. ஆகவே தைப்பூசத்தன்று மேளம் நிற்கவில்லை. அவர் காதில் செய்தி விழவில்லை. மனம் உருகவில்லை. யந்திரத்தில் ஏறவும் இல்லை!

அவர் போகவில்லை என்றால் ஓலை கொடுத்தது யார்? ஓலை இல்லை என்றால் ராஜா செத்துப் போவான். செத்தால் செய்தி வரும். செய்தி வந்தால் இவர் போவார்...

செக்கு மாடு மாதிரி சுற்றிக் கொண்டே இருக்கும் இந்தப் புதிருக்கு மேல்நாட்டார் "தாத்தா புதிர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவன் பின்னோக்கிப் போய், கலியாணம் ஆகாத தன் தாத்தாவைக் கொன்றுவிட்டால் அவன் எப்படிப் பிறந்தான் என்பதுதான் அது. கொஞ்சம் கொடூரமான உதாரணம். வல்லாளன் உதாரணமே மேல்.

இதற்கு விஞ்ஞானிகள் ஆளுக்கு ஒரு விடை சொல்கிறார்கள்.

ரஷிய விஞ்ஞானி இகோர் நோவிகோவ், நடந்ததை மாற்றவே முடியாது என்கிறார். பழைய காலத்துக்குப் போக வழி இருந்தாலும், போனவர் செய்கிற காரியமும் ஏற்கனவே நடந்ததில் சேர்த்திதான். அதன்படி பார்த்தால், விசித்திர உடையில் வந்து கத்தியவரைப் பிடிக்கக் காவலர்கள் ஓடியிருப்பார்கள். அந்தச் சந்தடியில் மதுரைப் படை உள்ளே நுழைந்திருக்கும். "யாரோ திருடர்கள்" என்று அவர்கள் நினைத்ததற்குக் காரணமே இவராக இருக்கும்!

இங்கிலாந்தின் டேவிட் டாய்ச் 1991-ல் வேறு விதமாகச் சொன்னார். ராஜா பிழைக்கலாம், ஆனால் அது வேறொரு உலகத்தில். அங்கே இன்னொரு திருவண்ணாமலை இருக்கும். இந்த உலகத்தில் நடந்தது நடந்ததுதான். இது உண்மையானால், இத்தனை சிரமப்பட்டும் நம் ஊர் மகாராஜாவுக்கு ஒரு பயனும் இல்லை.

யாரும் வராத விருந்து

கணக்குப்படி கடந்த காலத்துக்குப் போக வழி உண்டா? 1949-ல் கர்ட் கோடல் என்ற கணித மேதை, ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளை வைத்தே "உண்டு" என்று காட்டி ஐன்ஸ்டீனையே திகைக்க வைத்தார். ஆனால் அதற்கு இந்தப் பிரபஞ்சம் முழுவதும் பம்பரம்போலச் சுழல வேண்டும். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை.

சக்கர நாற்காலி விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங், இயற்கையே அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது என்று 1992-ல் எழுதினார். பிறகு குறும்பாக ஒரு பரீட்சையும் செய்தார். 2009-ம் ஆண்டு ஜூன் 28-ந்தேதி கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு விருந்து வைத்தார். பலகாரம் தயார், பானம் தயார். அழைப்பிதழை மட்டும் விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார்! எதிர்காலத்தில் காலயந்திரம் வந்தால், அழைப்பைப் படித்தவர்கள் பின்னோக்கி வந்து சேரலாமே?

ஒருவரும் வரவில்லை. ஹாக்கிங் தனியாக உட்கார்ந்திருந்தார்.

முன்னோக்கிப் போகலாம்!

பின்னோக்கித்தான் இந்தத் தகராறு. முன்னோக்கிப் போவதில் சந்தேகமே இல்லை.

பாகவதத்தில் ககுத்மி ராஜாவின் கதை வருகிறது. மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போனான். அங்கே பாட்டுக் கச்சேரி நடந்து கொண்டிருந்தது. முடியட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிரம்மா சிரித்தார். "நீ நினைத்த மாப்பிள்ளைகள் யாரும் இப்போது இல்லை. பூலோகத்தில் 27 சதுர்யுகம் ஓடிவிட்டது!" கடைசியில் ரேவதி பலராமருக்கு மாலையிட்டாள்.

இது புராணம். விஞ்ஞானத்திலும் இதன் சாயல் உண்டு. வேகமாகப் போகிறவனுக்குக் காலம் மெதுவாக ஓடும் என்றார் ஐன்ஸ்டீன். 1971-ல் இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் மிக நுட்பமான அணுக் கடிகாரங்களை விமானத்தில் வைத்து உலகத்தைச் சுற்றிவந்து அதைச் சரிபார்த்தார்கள். ரஷிய விண்வெளி வீரர் செர்கெய் கிரிகலேவ் மொத்தம் 803 நாள் விண்வெளியில் இருந்தார். அதனால் அவர் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு எதிர்காலத்துக்குத் தாவியிருக்கிறார்.

உயரத்திலும் காலம் மாறும். தரையை நெருங்க நெருங்கக் கடிகாரம் மெதுவாகும். அண்ணாமலை உச்சியில் ஒரு கடிகாரம், அடிவாரத்தில் ஒரு கடிகாரம் என்று வைத்தால், ஓர் ஆண்டில் அடிவாரத்துக் கடிகாரம் பின்தங்கிவிடும். எவ்வளவு? ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஏறத்தாழ இரண்டு பங்கு! மலையைச் சுற்றிக் கிரிவலம் வருகிற அத்தனை பேருமே காலப் பயணிகள்தான்.

வேடிக்கைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். செல்போனில் வழி காட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரம் நாள்தோறும் அதேபோல 38 பங்கு முந்தும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோ மீட்டர் தள்ளி வழி காட்டிவிடும். ராஜகோபுரம் கேட்டால் வயல்காட்டுக்குக் கொண்டுபோய் விடும்!

பார்க்கலாம், தொட முடியாது

கடந்த காலத்தைப் பார்ப்பதற்கு மட்டும் தடை கிடையாது. அதற்கு யந்திரமும் வேண்டாம்.

ஒளி ஓர் ஆண்டில் 9 லட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோ மீட்டர் ஓடும். அத்தனை வேகத்தில் வந்தும், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் ஒளி நம்மை வந்து சேர ஏறக்குறைய 440 ஆண்டு ஆகிறது. அதாவது இன்று கண்ணில் விழுவது 16-ம் நூற்றாண்டில் புறப்பட்ட ஒளி. ராஜகோபுரம் எழும்பிய நூற்றாண்டு அது.

சிவபெருமானுக்கு உரிய திருவாதிரை இன்னும் தொலைவு. 500 முதல் 700 ஒளியாண்டு வரைக்கும் கணக்குச் சொல்கிறார்கள். அந்தச் செந்நிற நட்சத்திரத்தின் ஒளி, வல்லாளன் காலத்தையொட்டிப் புறப்பட்டதாகக்கூட இருக்கலாம்.

திருக்கார்த்திகை அன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் மகாதீபம் ஏறும். கோவிலில் இருந்து "அண்ணாமலையானுக்கு அரோகரா" என்ற முழக்கம் எழும். இருட்டத் தொடங்கியதும் கீழ்வானத்தில், பவுர்ணமி நிலாவுக்குப் பக்கத்தில், சிறு கொத்தாக ஆறு நட்சத்திரங்களைத் தேடிப் பாருங்கள். நிலா வெளிச்சத்தில் மங்கலாகத்தான் தெரியும். கையால் நிலாவை மறைத்துக் கொண்டால் குழந்தைகளின் கண்ணுக்குத் தென்படலாம்.